நம் ஊருக்கென்று ஒரு கொடி வேண்டாமா?



உங்கள் வீட்டு வாசலில் நின்று தெருமுனை வரை ஒரு பார்வை பாருங்கள். எத்தனை கொடிகள் கண்ணில் படுகின்றன? பஸ் ஸ்டாப் பக்கத்தில் கட்சிக் கொடிகள். ஆட்டோ ஸ்டாண்டில் சங்கக் கொடி. புதுப்படம் வந்தால் தியேட்டர் வாசலில் ரசிகர் மன்றக் கொடி. சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூடத்திலும் வீட்டு மாடியிலும் தேசியக் கொடி. இவ்வளவு கொடிகளுக்கு நடுவே, ‘இது எங்கள் ஊரின் கொடி’ என்று கைகாட்ட ஒன்றாவது இருக்கிறதா?

நம்மில் பெரும்பாலோர் ‘இல்லை’ என்றுதான் சொல்வோம். அப்படியொன்று வேண்டும் என்று நினைத்துப் பார்த்தவர்களும் குறைவு. இந்த இதழில் அதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன். சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் தாங்கள் வளரும் ஊரை எந்தக் கண்ணோடு பார்க்கப் போகிறார்கள் என்பது இதில் அடங்கியிருக்கிறது.

தேசியக் கொடியைத் தவிர, தெருவில் நாம் அன்றாடம் பார்க்கும் கொடிகள் பெரும்பாலும் பக்கம் பிரிப்பவை. ஒரு கொடியைப் பிடித்தால், இன்னொரு கொடிக்கு எதிரே நிற்கிறோம் என்று அர்த்தம். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி. தேர்தல் நேரத்தில் அம்மாவுக்கு இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சாப்பாடு போடுவதே பெரும்பாடு.

ஆனால் அந்த அண்ணனும் தம்பியும் ஒரே குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள். ஒரே பஸ்ஸுக்குத்தான் காத்து நிற்கிறார்கள். மழை வந்தால் ஒரே சாலையில்தான் முழங்கால் தண்ணீரில் நடக்கிறார்கள். அவர்களுக்குள் பொதுவாக இருப்பது ஊர். அந்தப் பொதுவான ஒன்றுக்கு மட்டும் ஏன் ஒரு கொடி இல்லை?

உலகத்தில் சில நகரங்கள் இந்தக் கேள்விக்குப் பல காலத்துக்கு முன்பே பதில் கண்டிருக்கின்றன. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவின் சிகாகோ.

சிகாகோ போய் வந்தவர்கள் உங்கள் குடும்பத்தில் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். வெள்ளைத் துணியில் இரண்டு வெளிர்நீலப் பட்டைகள், நடுவே வரிசையாக நான்கு சிவப்பு நட்சத்திரங்கள். அந்தக் கொடியை அவர்கள் கட்டாயம் பார்த்திருப்பார்கள். அரசு அலுவலகத்தில் மட்டும் பறக்கும் கொடி இல்லை அது. வீட்டு வாசலில், காபிக் கோப்பையில், டீ-ஷர்ட்டில், சைக்கிளில், இளைஞர்கள் கையில் குத்திக்கொண்ட டாட்டூவில் என்று எங்கும் இருக்கிறது. பணியில் உயிர்விட்ட போலீஸ்காரர், தீயணைப்பு வீரரின் சவப்பெட்டி மீது சில நேரங்களில் அந்த நகரக் கொடியைப் போர்த்துகிறார்கள் என்றால், அந்த மக்களுக்கு அது எவ்வளவு நெருக்கமானது என்று புரிந்துகொள்ளலாம்.

ஒரு மாநகராட்சிக் கொடிக்கு இவ்வளவு பாசம் எப்படி வந்தது?

1917-ல் அந்த நகர மன்றம் இந்தக் கொடியை ஏற்றுக்கொண்டது. வடிவமைத்தவர் வாலஸ் ரைஸ் என்ற எழுத்தாளர், கவிஞர். அதில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் ஊர்க்கதை வைத்தார். மூன்று வெள்ளைப் பட்டைகள் நகரத்தின் வடக்கு, மேற்கு, தெற்குப் பகுதிகள். மேலே உள்ள நீலப் பட்டை மிச்சிகன் ஏரியும் சிகாகோ ஆற்றின் வடக்குக் கிளையும். கீழே உள்ள நீலப் பட்டை அந்த ஆற்றின் தெற்குக் கிளையும் அதோடு சேர்ந்த பெருங்கால்வாயும். ஆக, நகரத்தில் எந்த மூலையில் குடியிருப்பவரும், ‘இதோ, என் வீடு இந்தப் பட்டையில் இருக்கிறது’ என்று விரல் வைத்துக் காட்டலாம். பணக்காரப் பகுதிக்கு ஒரு பட்டை, ஏழைப் பகுதிக்குப் பட்டையே இல்லை என்ற கதை அங்கே இல்லை.

நட்சத்திரங்களின் கதை இன்னும் அழகானது. கொடி பிறந்தபோது இரண்டு நட்சத்திரங்கள்தான் இருந்தன. அவற்றில் ஒன்று, 1871-ல் அந்த நகரத்தை எரித்த பெருந்தீயின் நினைவு.

யோசித்துப் பாருங்கள். அந்தத் தீயில் சுமார் 300 பேர் இறந்தார்கள். ஒரு லட்சம் பேர் வீடு இழந்து தெருவில் நின்றார்கள். அந்த ஊருக்கு நேர்ந்த மிகப் பெரிய துயரம் அது. மறைக்க வேண்டிய அவமானமாக அதை அவர்கள் நினைக்கவில்லை, கொடியிலேயே பதித்தார்கள். அந்த நட்சத்திரத்தின் ஆறு முனைகளுக்கும் ஆறு பொருள் சொன்னார்கள். அவற்றில் நீதி ஒன்று, கல்வி ஒன்று, ஈகை ஒன்று. ஊர்ப்பெருமையும் ஒன்று! ஊர் எரிந்து சாம்பலானதைச் சொல்லும் நட்சத்திரத்தில் ஊர்ப்பெருமைக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். விழுந்து எழுந்தவனுக்குத்தான் அந்தப் பெருமை புரியும்.

இரண்டாவது நட்சத்திரம், 1893-ல் அங்கே நடந்த உலகக் கண்காட்சிக்கு. இங்கே நீங்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். ஏனென்றால் அந்த நட்சத்திரத்தில் நமக்கும் பங்கு உண்டு.

அந்தக் கண்காட்சியையொட்டித்தான் உலக சமயங்களின் மாநாடு கூடியது. 1893 செப்டம்பர் 11 அன்று சுவாமி விவேகானந்தர் பேசியது அந்த மாநாட்டில்தான். அவர் கப்பல் ஏறுவதற்குப் பணம் சேர்த்தவர்களில் முன்னால் நின்றவர் சென்னையைச் சேர்ந்த ஆசிரியர் அளசிங்கப் பெருமாள். அவரும் நண்பர்களும் வீடு வீடாகப் படியேறி, நடுத்தரக் குடும்பங்களிடம் கேட்டு வாங்கிச் சேர்த்தார்கள். ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியும் அந்தப் பயணத்துக்குத் துணை நின்றார். திரும்பி வந்து 1897-ல் சுவாமிகள் சென்னையில் தங்கிய ஐஸ் ஹவுஸ் கட்டடம்தான், இன்று மெரினாவில் நாம் பார்க்கும் விவேகானந்தர் இல்லம்.

சிகாகோக்காரர்கள் தங்கள் கொடியில் எந்த ஆண்டை நட்சத்திரமாக வைத்திருக்கிறார்களோ, அந்த ஆண்டில் சென்னை வீடுகளின் சில்லறைக் காசும் சேர்ந்திருக்கிறது. ஓர் ஊரின் பெருமை அந்த ஊரோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

1933-ல் இன்னொரு பெரிய கண்காட்சி நடந்தபோது மூன்றாவது நட்சத்திரம் சேர்ந்தது. நகரத்தின் தொடக்கமான டியர்பார்ன் கோட்டையின் நினைவாக 1939-ல் நான்காவது வந்தது. ஊர் வளர வளரக் கொடியும் வளர்ந்தது.

இங்கே ஒரு கேள்வி உங்கள் மனதில் எழுந்திருக்கும். ‘எங்கள் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. குடிதண்ணீர் நான்கு நாளுக்கு ஒரு தடவை வருகிறது. இந்த நிலைமையில் கொடி ஒரு கேடா?’

நியாயமான கேள்வி. கொடி கட்டினால் சாக்கடை தானாக ஓடாது. சிகாகோவிலும் வறுமை உண்டு, குற்றங்கள் உண்டு. நட்சத்திரம் பதித்த துணி அவற்றைத் தீர்த்துவிடவில்லை. இதை நான் மறைக்கப் போவதில்லை.

ஆனால் அதே சிகாகோவின் இன்னொரு கதையையும் கேளுங்கள். ஒரு காலத்தில் அந்த ஊர்க் கழிவுநீர் முழுவதும் ஆற்றில் கலந்து, ஆறு ஏரியில் கலந்தது. குடிதண்ணீரும் அதே ஏரியிலிருந்துதான். அதற்கு அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பெரிய கால்வாய் ஒன்றை வெட்டி, 1900-ல் ஆற்றின் போக்கையே திருப்பிவிட்டார்கள். ஏரியை நோக்கி ஓடிய ஆறு, ஏரியை விட்டு விலகி ஓடத் தொடங்கியது. நகரத்தின் குடிதண்ணீருக்காக அப்படித் திருப்பப்பட்ட ஆறுதான், 17 ஆண்டுகள் கழித்துக் கொடியில் நீலப் பட்டையாக ஏறியது.

சாக்கடையைச் சரிசெய்வதும் ஊரைப் பற்றிப் பெருமைப்படுவதும் ஒன்றுக்கொன்று பகையா என்ன? ‘இது என் ஊர்’ என்ற எண்ணம் உள்ளவர்தான் கவுன்சிலரைத் தேடிப் போய்க் கேட்கிறார். வார்டு கூட்டத்துக்குப் போகிறார். பக்கத்துக் காலி மனையில் குப்பை கொட்டுபவரைத் தடுக்கிறார். ‘நமக்கென்ன’ என்று இருப்பவர் எதையும் கேட்பதில்லை. அந்த ‘நமக்கென்ன’வை ஒரு படியாவது இறக்கிவைக்க ஊர்க்கொடி உதவும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

அதே சமயம், எந்தத் துணியைக் கட்டினாலும் இது நடந்துவிடாது. இதற்கும் ஓர் ஊர் பாடம் சொல்கிறது.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் போக்கடெல்லோ என்று ஒரு நகரம். அதன் பழைய கொடியில் ‘போக்கடெல்லோ எங்கள் பெருமை’ என்ற பொருளில் ஒரு விளம்பர வாசகம் எழுதியிருந்தது. அடியில் டிரேட்மார்க் குறி வேறு! வட அமெரிக்கக் கொடியியல் சங்கம் 2004-ல் 150 நகரக் கொடிகளை வைத்து ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. வாஷிங்டன் முதலிடம், சிகாகோ இரண்டாமிடம். போக்கடெல்லோ? 150-வது இடம். பெருமை என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தும், அந்தக் கொடியைத் தங்கள் வீட்டில் கட்ட வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்களுக்கே தோன்றவில்லை.

2015-ல் ரோமன் மார்ஸ் என்ற ஒலிபரப்பாளர், நகரக் கொடிகளைப் பற்றி டெட் மேடையில் பேசினார். அவர் பேச்சில் போக்கடெல்லோவும் வந்தது. உலகமே பார்த்துவிட்டது. ஊர்க்காரர்கள் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஒரு குழு அமைத்தார்கள். வரைந்து அனுப்புங்கள் என்று மக்களைக் கேட்டார்கள். நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தன. 2017-ல் புதிய கொடி ஏறியது. நீல நிறத்தில் சிவப்பு மலைச்சிகரங்கள், உச்சியில் தங்க நிறத் திசைகாட்டி, கீழே ஆறு. இப்போது அதில் ஓர் எழுத்துகூட இல்லை.

கொடி பற்றி ஆராய்ந்தவர்கள் சொல்லும் அடிப்படை விதிகளை நாமே ஊகித்துவிடலாம். எளிமையாக இருக்க வேண்டும். வைத்திருக்கும் அடையாளத்துக்கு ஒரு பொருள் இருக்க வேண்டும். இரண்டு அல்லது மூன்று நிறங்கள் போதும். எழுத்தும் முத்திரையும் வேண்டாம். வேறு ஊர்க் கொடியோடு குழம்பக் கூடாது. முக்கியமாக, ஒரு குழந்தையால் பார்க்காமலே அதை வரைய முடிய வேண்டும்.

நம் வீட்டு வாசல் கோலத்தைப் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். நாலு புள்ளி, நாலு இழை. பாட்டி போட்டதைப் பார்த்துப் பேத்தி போடுகிறாள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தினமும் கை பழகுவதால்தான் அது நம்முடையதாகிறது. ஊர்க்கொடியும் கைக்கு வர வேண்டும். பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் பிள்ளைகள் கிறுக்கிப் பழக வேண்டும். அங்கே ஏறாத கொடி, கொடிமரத்தில் ஏறி என்ன பயன்?

அமெரிக்காவின் மில்வாக்கி என்ற நகரத்தின் அனுபவம் இதைத்தான் சொல்கிறது. அங்கே 1950-களிலிருந்து ஒரு கொடி உண்டு. ஊரில் இருக்கும் அத்தனை அடையாளங்களையும் ஒரே துணியில் அடைத்த கொடி. ஒருவருக்கும் அதை வரைய வரவில்லை. 2016-ல் மக்களே ஒரு போட்டி வைத்து, ஏரியில் சூரியன் உதிப்பது போன்ற எளிய கொடி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். மாநகர மன்றம் உடனே அதை ஏற்றுக்கொள்ளவில்லை. மக்களும் அதற்காகக் காத்திருக்கவில்லை. வீட்டு முகப்பிலும் கடை வாசலிலும் சட்டையிலும் அந்தச் சூரியன் உதித்துவிட்டது. அரசு முத்திரை வருவதற்கு முன்பே ஒரு கொடி ஊரின் கொடியாகிவிட முடியும் என்பதற்கு அதுவே உதாரணம்.

ஐரோப்பாவில் ஆம்ஸ்டர்டாமைப் பாருங்கள். சிவப்பு, கறுப்பு, சிவப்பு. நடுவில் மூன்று வெள்ளைப் பெருக்கல் குறிகள். அவ்வளவுதான். நடைபாதை ஓரத்தில் நட்டிருக்கும் சின்ன இரும்புத் தூண்களில்கூட அந்த மூன்று குறிகள் இருக்கும். கொடியைத் தேடிப் போக வேண்டியதில்லை; நடந்து போகும் வழியில் ஊர் தன் பெயரைச் சொல்லிக்கொண்டே வரும்.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் உள்ள டல்சா நகரத்தையும் நான் சொல்லாமல் விட முடியாது. 1921-ல் அங்கே வெள்ளையர் கும்பல் ஒன்று, கறுப்பின மக்கள் வாழ்ந்த கிரீன்வுட் பகுதியைக் கொளுத்தியது. பல காலம் அந்த ஊர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. 2018-ல் புதிய நகரக் கொடியை ஏற்றபோது, அதில் உள்ள சிவப்பு, அன்று சிந்திய ரத்தத்தின் நினைவு என்று அறிவித்தார்கள். இதுதான் உண்மையான ஊர்ப்பற்று. தன் ஊர் செய்த தப்பையும் சேர்த்துச் சுமக்கத் தெரிந்தவன்தான் அந்த ஊரைத் தன்னுடையது என்று சொல்லத் தகுதி உள்ளவன்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி, நமக்கு ஒத்துவருமா என்று நினைக்கிறீர்களா?

நமக்குத் தெரியாததா கொடியின் அருமை? புலிக்கொடி, மீன்கொடி, விற்கொடி என்று பிள்ளைப் பருவத்திலேயே மனப்பாடம் செய்தவர்கள் நாம். அது அரசர்களின் கொடி என்றால், மக்களின் கொடியும் நம்மிடம் உண்டு. திருவிழாக் கொடியேற்றத்தைத்தான் சொல்கிறேன்.

மதுரையில் சித்திரைத் திருவிழா கொடியேற்றத்தோடுதான் தொடங்குகிறது. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 அன்று கொடி ஏறினால்தான் பெருவிழா. நாகூர் கந்தூரிக்கு நாகப்பட்டினத்திலிருந்து கொடி ஊர்வலம் வருகிறது. மதம் வேறு, ஊர் ஒன்று என்று மக்கள் மூன்று விழாக்களிலும் கூடி நிற்பதை நாம் பார்த்து வளர்ந்திருக்கிறோம்.

பல கிராமங்களில் இன்றைக்கும் ஒரு வழக்கம் உண்டு. அம்மன் கோயிலில் கொடியேற்றிக் காப்புக் கட்டிவிட்டால், விழா முடியும் வரை ஊர்க்காரர்கள் வெளியூரில் ராத் தங்கக் கூடாது. சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் லீவு போட்டுக்கொண்டு ஓடி வருவார்கள். பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளிகள் ஒரே பந்தலில் நிற்பார்கள். ஒரு துண்டுத் துணி ஏறியதும் ஊரே ஒன்று சேர்கிறது என்றால், அந்தச் சக்தி நமக்குப் புதிதா?

திருவிழா முடிந்து கொடி இறங்கியதும் எல்லோரும் அவரவர் வழியில் போய்விடுகிறோம். மற்ற நாட்களிலும் நம்மைச் சேர்த்துவைக்க ஒன்று வேண்டாமா? அதைத்தான் நான் கேட்கிறேன்.

நகரத்தில் வாழும் குடும்பங்களுக்கு இது இன்னும் அதிகமாகத் தேவை. அபார்ட்மென்ட்டில் எதிர் வீட்டுக்காரர் பெயர் நமக்குத் தெரிவதில்லை. ‘சொந்த ஊர் எது?’ என்று கேட்டால், முப்பது வருஷமாக வாழும் ஊரைச் சொல்லாமல், தாத்தா விட்டு வந்த ஊரைச் சொல்கிறோம். அதில் தப்பில்லை. ஆனால் இங்கேயே பிறந்து, இங்கேயே படிக்கும் நம் பிள்ளை எந்த ஊரைச் சொல்லும்? வாடகைக்கு வந்த ஊர் என்ற எண்ணத்தோடு வளரும் பிள்ளைக்கு, அந்த ஊரின் ஏரியையும் பூங்காவையும் காக்க வேண்டும் என்று எப்படித் தோன்றும்?

பிழைப்புக்காக வேறு மாநிலத்திலிருந்து வந்தவர்களையும் நினைத்துப் பாருங்கள். நம் ஊர் மெட்ரோ பாலத்தைக் கட்டியதில், ஹோட்டலில் நமக்கு இட்லி பரிமாறுவதில் அவர்கள் பங்கு இருக்கிறது. அவர்கள் பிள்ளைகள் நம் அரசுப் பள்ளியில் தமிழ் படிக்கிறார்கள். ஊர்க்கொடி அவர்களிடம் சாதி கேட்காது, கட்சி கேட்காது. ‘நீ இங்கே வாழ்கிறாயா? அப்படியானால் நீயும் என் பட்டையில் இருக்கிறாய்’ என்று சொல்லும்.

எனவே ஊர்க்கொடியில் என்ன வைப்பது என்பதில் ரொம்பக் கவனம் வேண்டும். ஒரு பிரிவினருக்கு மட்டும் சொந்தமான அடையாளத்தை வைத்தால், புதிதாக ஒரு சண்டைக்குத்தான் கொடி கட்டியதாக ஆகும். தலைவர்கள் படம் அறவே வேண்டாம். எல்லோருக்கும் பொதுவானது எது? ஆறு, கடல், மலை, ஏரி. அந்த மண்ணில் விளைவது. அந்த ஊர்க் கைகள் செய்வது. மதுரையின் மல்லிகைக்குச் சாதி உண்டா? தூத்துக்குடி உப்புக்கு மதம் உண்டா? திண்டுக்கல் பூட்டு எந்தக் கட்சி?

அதோடு, ஊர் பட்ட காயத்தையும் மறக்க வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மிதந்தபோது, படகோடு வந்த மீனவர்களையும், யார் எவர் என்று பார்க்காமல் சோற்றுப் பொட்டலம் சுமந்த இளைஞர்களையும் நாம் பார்த்தோம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகையும் கடலூரும் எழுந்து நின்றதைப் பார்த்தோம். சிகாகோ தன் தீயை நட்சத்திரமாக்கியது என்றால், அந்த நாட்களை நாம் கொடியில் ஓர் அலையாக வைக்கக் கூடாதா? நம் பேரப்பிள்ளைகள் ‘இந்த அலை எதற்கு?’ என்று கேட்பார்கள். சொல்லுவதற்கு நமக்கு ஒரு கதை இருக்கும்.

இந்த வேலையை ஒரு டெண்டர் விட்டு முடித்துவிடக் கூடாது என்பதும் என் வேண்டுகோள். சில லட்சம் செலவில் ஒரு கம்பெனி வரைந்து தருவது லோகோவாகத்தான் இருக்கும். ஊரின் கொடியாக இருக்காது. பள்ளிக்கூடங்களில் வரையச் சொல்லுங்கள். சுய உதவிக் குழுப் பெண்களைக் கேளுங்கள். மார்க்கெட்டில், நூலகத்தில் காட்சிக்கு வையுங்கள். மக்கள் வாக்களிக்கட்டும். யார் வரைந்தது ஜெயித்தது என்பதைவிட, அந்த ஒரு மாதம் ஊர் முழுக்க ‘நம் ஊர் என்றால் என்ன?’ என்று பேசியிருக்கும் பாருங்கள், அதுதான் பெரிய லாபம்.

ஒரு விஷயத்தில் மட்டும் சந்தேகமே இருக்கக் கூடாது. எல்லாக் கொடிக்கும் மேலே நம் தேசியக் கொடி. அதற்கு மேலாகவோ பக்கத்தில் சரிசமமாகவோ வேறு எந்தக் கொடியும் பறக்கக் கூடாது என்று நம் நாட்டின் கொடி விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. ஊர்க்கொடிக்கும் அதே கட்டுப்பாடுதான். தாயை மதிக்கும் பிள்ளைக்குத்தான் தன் வீட்டைப் பற்றிப் பேச உரிமை உண்டு.

அரசாங்கம் செய்யட்டும், மாநகராட்சி செய்யட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டுமா? மில்வாக்கி மக்கள் காத்திருக்கவில்லையே!

வருகிற ஞாயிற்றுக்கிழமை டிவியை ஒரு மணி நேரம் அணைத்துவையுங்கள். வீட்டில் எல்லோரும் உட்காருங்கள். பிள்ளைகள் கையில் ஒரு வெள்ளைத் தாளும் மூன்று கலர் பென்சிலும் கொடுங்கள். தாத்தா பாட்டி இருந்தால், அவர்கள் சின்ன வயதில் இந்த ஊர் எப்படி இருந்தது, எந்த ஏரியில் குளித்தார்கள், எந்தப் புயலில் யார் வீட்டில் ஒதுங்கினார்கள் என்று சொல்லச் சொல்லுங்கள். வேறு ஊரிலிருந்து வந்த குடும்பமா? இந்த ஊருக்கு வந்த புதிதில் முதலில் கதவைத் தட்டி உதவியது யார் என்று நினைத்துப் பாருங்கள். பிறகு பிள்ளைகளைக் கேளுங்கள்: ‘நம் ஊருக்கு ஒரு கொடி இருந்தால் அதில் என்ன இருக்கும்?’

அவர்கள் வரைவதைத் திருத்தாதீர்கள். பெரியவர்கள் நமக்குத் தோன்றாத ஒன்று அவர்களுக்குத் தோன்றும். எழுத்து மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள், போதும்.

வரைந்ததை எங்களுக்கு அனுப்புங்கள். ஊர்ப் பெயரையும், அந்த அடையாளத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று நாலு வரியும் பின்பக்கம் எழுதி அனுப்பினால் போதும். நல்லவற்றை வரும் இதழ்களில் வெளியிடுகிறோம். அப்படியே ஒரு நகலை உங்கள் வார்டு கவுன்சிலரிடமும் பள்ளித் தலைமையாசிரியரிடமும் கொடுங்கள். ‘நம் ஊருக்கு இது வேண்டும்’ என்று தைரியமாகக் கேளுங்கள்.

சிகாகோவின் கொடியும் ஒரு நாள் ஒருவர் காகிதத்தில் வரைந்ததுதான். உங்கள் ஊர்க் கொடியை உங்கள் வீட்டுப் பிள்ளை வரையட்டும். காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்